கத்தரி இலையும் இரண்டு நாள் பழைய கரைசலும்

நான் வேலை பார்த்த ஆய்வுக்கூடத்தில் முனைவர் பட்ட ஆய்வுக்கு ஆள் எடுக்கிறார்கள். ‘தாவரங்களில் சிறு ஆர்.என்.ஏ.க்களின் வேதி மாற்றங்கள்’ என்பது தலைப்பு. சேருகிறவர்களுக்குக் கொடுக்கும் கையேட்டில் உங்கள் அனுபவத்தையும் நாலு பக்கம் எழுதிக் கொடுங்கள் என்று துறையிலிருந்து போன் வந்தது. நான் விஞ்ஞானி இல்லை. இருபத்தாறு வருடம் ஆய்வக உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவள். “நல்லா செஞ்சத எழுதணுமா, தப்பா செஞ்சதையும் எழுதலாமா?” என்று கேட்டேன். போனில் பேசிய பெண் சிரித்தாள். நான் நிஜமாகத்தான் கேட்டேன்.

என் பெயர் எஸ்தர். வீடு ஏனாத்தூரில். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை செய்து என்னை பி.எஸ்சி. தாவரவியல் படிக்க வைத்தார்கள். கண்ணாடிப் பாத்திரம் கழுவும் வேலைக்குத்தான் முதலில் சேர்ந்தேன். ஆறு மாதம் கழுவினேன். பிறகு இரண்டு வாரம் பெங்களூருக்கு அனுப்பி, ஜெல் ஓட்டக் கற்றுக்கொண்டு வரச் சொன்னார்கள். என் பயிற்சி அவ்வளவுதான். மீதியெல்லாம் வசுந்தரா மேடத்திடம் கற்றது.

மேடம்தான் ஆய்வகத்தின் தலைவி. உயரம் குறைவு, குரலும் குறைவு. பாத்திரம் கழுவுகிறவரிலிருந்து முனைவர் பட்டம் வாங்கியவர் வரை எல்லோரையும் ‘வாங்க, போங்க’ என்றுதான் பேசுவார். கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. ஆனால் யாராவது ஒரு முடிவைச் சொன்னால், கையில் இருக்கும் பேனாவை மேஜையில் வைத்துவிட்டு, “எதை வச்சு சொல்றீங்க?” என்று கேட்பார். பதில் வரும்வரை பேனாவைத் திரும்ப எடுக்க மாட்டார். அந்த நேரத்தில் உள்ளங்கை வியர்க்காத மாணவரை நான் கண்டதில்லை.

நான் சேர்ந்த புதிதில், கையுறை போடாமல் ஒரு சிறு குழாயைத் தொட்டுவிட்டேன். “உங்க கைக்கு ஒண்ணும் ஆகாதுன்னு நினைச்சீங்களா?” என்றார். ஆமாம் என்றேன். “கையுறை உங்களைக் காப்பாத்த இல்லை எஸ்தர். உங்க வேர்வையில ஆர்.என்.ஏ.வைத் தின்னுற நொதி இருக்கு. உங்ககிட்ட இருந்து அதைக் காப்பாத்தத்தான் கையுறை.” அன்றிலிருந்து எனக்கு அந்த வேலையின் மேல் ஒரு பயபக்தி வந்துவிட்டது.

சிறு ஆர்.என்.ஏ. என்பது இருபத்தோரு எழுத்து நீளமுள்ள ஒரு துண்டு. செடிக்குள் எந்த மரபணு பேச வேண்டும், எது வாயை மூட வேண்டும் என்பதை அது கவனித்துக்கொள்கிறது. வைரஸ் உள்ளே வந்தால் அதை அடக்கவும் அதுதான் ஓடும். அதன் வால் நுனியில் செடி ஒரு சின்ன மூடி போட்டு வைக்கும், மெத்தில் மூடி. மூடி இல்லாவிட்டால் நுனியிலிருந்து அரித்துக்கொண்டே போய்த் துண்டு அழிந்துவிடும். சில வைரஸ்கள் இந்த மூடியைப் போட விடாமல் தடுத்துவிடுகின்றன.

மூடி இருக்கிறதா இல்லையா என்று கண்ணால் பார்க்க முடியாது. அதற்கு ஒரு வழி வைத்திருந்தோம். இலையைப் பறித்த உடனே திரவ நைட்ரஜனில் போட வேண்டும். வெண்புகை எழும், இலை கண்ணாடி மாதிரி உடையும். கல்வத்தில் மாவாக அரைத்து, அதிலிருந்து சிறு ஆர்.என்.ஏ.வைப் பிரித்தெடுத்து, இரண்டு குழாயில் ஊற்றுவோம். ஒன்றில் சோடியம் பெர்அயோடேட் கரைசல், இன்னொன்றில் வெறும் தண்ணீர். இருட்டில் ஒரு மணி நேரம். பிறகு காரம் சேர்த்துச் சூடாக்க வேண்டும். மூடி இல்லாத துண்டு இந்தச் சிகிச்சையில் கடைசி எழுத்தை இழந்துவிடும். மூடி இருந்தால் அப்படியே நிற்கும். இரண்டு குழாயில் இருப்பதையும் பக்கத்துப் பக்கத்தில் ஜெல்லில் மின்சாரம் பாய்ச்சி ஓட்டி, பிலிமில் பதிய வைத்தால் துண்டுகள் கறுத்த பட்டைகளாகத் தெரியும்; ஒரு எழுத்து இழந்தது கொஞ்சம் கீழே இறங்கியிருக்கும். கொஞ்சம் என்றால் ஒரு நெல்மணியின் தடிமன். அந்தத் தடிமனைப் பார்க்கத்தான் மூன்று நாள் வேலை.

பெர்அயோடேட் கரைசலை அன்றன்றைக்குக் கலக்க வேண்டும். வெளிச்சம் பட்டால் கெட்டுவிடும் என்பதால் பாட்டிலை அலுமினியத் தாளில் சுற்ற வேண்டும். கலக்கிய தேதியை நோட்டில் எழுத வேண்டும். இந்த மூன்றும் என் பொறுப்பு.

முரளி அங்கே வந்து சேர்ந்தபோது அவனுக்கு முப்பது வயது. பிள்ளையார்பாளையத்துப் பையன், அப்பாவும் அண்ணனும் வீட்டில் பட்டுத் தறி போடுகிறார்கள். ஸ்ரீபெரும்புதூரில் ஒரு தொழிற்சாலையில் தரக் கட்டுப்பாட்டில் இருந்தவன், அந்த வேலையை விட்டுவிட்டு முனைவர் பட்ட ஆராய்ச்சிக்கு வந்திருந்தான். வந்த அன்றைக்கே, “எனக்கு லேட்டாயிட்சிக்கா. மத்தவங்க நடக்குறத நான் ஓடணும்” என்றான். சொன்ன மாதிரியே ஓடினான்.

மாகறல் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் ஒரு நாட்டுக் கத்தரி இருந்தது. சுற்றிலும் உள்ள செடிகளுக்கெல்லாம் தேமல் நோய் கண்டு, இலை மஞ்சளும் பச்சையுமாகச் சுருங்கிக் கிடக்கும்போது, அது மட்டும் காய்த்துக்கொண்டிருந்தது. அதில் நோய் இல்லாமல் இல்லை. வைரஸ் உள்ளே இருந்தது. இருந்தும் செடி அசரவில்லை. முரளி அதன் விதையை வாங்கி வந்து எங்கள் வலைக்கூடத்தில் போட்டான். சந்தையில் கிடைக்கும் சாதாரண ரகத்தையும் பக்கத்தில் போட்டான். இரண்டிலும் நோய் இலையை அரைத்துத் தேய்த்து வைரஸை ஏற்றினோம். அவன் சந்தேகம் இதுதான்: சாதாரண ரகத்தில் வைரஸ் வந்ததும் சிறு ஆர்.என்.ஏ.க்கள் மூடியை இழக்கின்றன. நாட்டு ரகத்தில் இழப்பதில்லையோ?

சாதாரண ரகத்தை முதலில் சோதித்தோம். பட்டை கீழே இறங்கியது. மூடி போய்விட்டிருந்தது.

நாட்டு ரகத்தைச் சோதிக்க வேண்டிய நாள் கருட சேவை, பெருமாள் கருட வாகனத்தில் வீதி உலா வரும் திருவிழா. ஊருக்குள் எந்தப் பக்கமும் வண்டி விடவில்லை. ஏனாத்தூரிலிருந்து வந்த பஸ் பாதியிலேயே எங்களை இறக்கிவிட்டது. ஆய்வுக்கூடம் ஊரைத் தாண்டி மறுபுறம், வயல்களுக்கு நடுவே. கூட்டத்தில் புகுந்து, நடந்து, கடைசியில் ஒரு ஷேர் ஆட்டோ பிடித்து நான் போய்ச் சேர்ந்தபோது மணி பதினொன்றரை. முரளி மூன்று செடிகளின் ஆர்.என்.ஏ.வையும் பனிக்கட்டியில் வைத்துக்கொண்டு காத்திருந்தான்.

“சீக்கிரம்கா, ரெண்டு மணிக்கு கரண்ட் போவுதாம். அதுக்குள்ள சூடுபடுத்துறது முடியணும்.”

புதுக் கரைசல் கலக்க வேண்டுமானால் எடை போட்டு, கரைத்து, வடிகட்ட முக்கால் மணி நேரம் ஆகும். ஜன்னலோரத்து அடுக்கில் முந்தாநாள் கலக்கிய பாட்டில் இருந்தது. அதன் அலுமினியத் தாளை யாரோ கழற்றியிருந்தார்கள். நான் அதை எடுத்தேன். முரளி அந்தப் பக்கம் திரும்பிக் குழாய்களுக்கு எண் போட்டுக்கொண்டிருந்தான், பார்க்கவில்லை. இரண்டு நாள்தானே என்று நினைத்தேன். அப்படி நினைத்தது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

நோட்டில் ‘கரைசல் கலக்கிய நாள்’ என்று ஒரு கட்டம். அதற்கு மேல் வரியில், முந்தைய சோதனைக்கு, ‘இன்று’ என்று என் கையெழுத்தில் இருந்தது. நான் கீழ்க் கட்டத்தில் இரண்டு சின்னக் கோடு போட்டேன். மேலே உள்ளதேதான் என்று அர்த்தம்.

பிலிமைக் கழுவியபோது பட்டை கொஞ்சமும் இறங்கவில்லை. மூன்று செடியிலும் மூடி அப்படியே இருந்தது. முரளி துள்ளிக் குதித்தான். இருந்த இடத்திலிருந்தே அப்பாவுக்குப் போன் போட்டு, “யப்பா, கத்தரிக்கா ஜெயிச்சிடுச்சி” என்று கத்தினான். நானும் கை தட்டினேன். பாட்டில் என் நினைவுக்கே வரவில்லை என்று சொல்ல ஆசைதான். வந்தது. வந்ததை உள்ளே தள்ளினேன்.

கட்டுரை எழுதி ஒரு வெளிநாட்டு இதழுக்கு அனுப்பினார்கள். ஐந்து மாதம் கழித்துப் பதில் வந்தது. சின்னச் சின்னத் திருத்தங்களோடு ஏற்றுக்கொள்வோம் என்றார்கள். அதே நேரத்தில் ஜெர்மனியில் ஒரு ஆய்வகம் முரளியை மேல் ஆராய்ச்சிக்குக் கூப்பிட்டிருந்தது; கட்டுரை வந்தால் இடம் உறுதி. மதிப்பீட்டாளர் ஒருவர் கேட்ட கேள்விகளில் ஒன்று, பெர்அயோடேட் கரைசல் ஒவ்வொரு முறையும் புதிதாகத் தயாரிக்கப்பட்டதா என்பது.

ஒரு வெள்ளிக்கிழமை. நான் ஜெல் கண்ணாடிகளைத் துடைத்துக்கொண்டிருந்தேன். முரளி மடிக்கணினியோடு எதிரே வந்து உட்கார்ந்தான்.

“அக்கா, கரைசல் ஒவ்வொரு தடவயும் புதுசா கலக்குனதுதானே? எழுதிடட்டுமா?”

நான் தலையை ஆட்டினேன். அவன் தட்டச்சு செய்தான்.

சனிக்கிழமை நோட்டை எடுத்துப் பார்த்தேன். இரண்டு கோடும் இருந்த இடத்தில் இருந்தன. செயல் இழந்த கரைசலை ஊற்றினால், மூடி இல்லாத துண்டும் எழுத்தை இழக்காது. பட்டை இறங்காது. மூடி இருப்பதற்கும் கரைசல் செத்துப்போனதற்கும் பிலிமில் ஒரே முகம்தான்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்து, சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன். என் வீட்டுக்காரர் சாமுவேல் பஸ் பணிமனையில் மெக்கானிக். “இன்னா, ஒரு மாதிரியா இருக்குற?” என்றார். எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் தண்ணீர்ச் செம்பை என் பக்கம் நகர்த்தினார். “பழசுன்னா வேல செய்யாதா?”

“செய்யவும் செய்யலாம். செய்யாமலும் போவலாம்.”

“அப்ப உனக்கே தெரியாது. தெரியாத ஒண்ண போயி ஏம்மா சொல்ற? ரிட்டயர் ஆவ இன்னும் ஆறு மாசம் இருக்குது. அந்தப் பையனும் நல்லா இருக்கட்டும், நீயும் நல்லா இரு.”

“தெரியாதுங்கறதத்தாங்க சொல்லணும்” என்றேன். “அவங்க எல்லாரும் தெரியும்னு நினச்சிக்கினு இருக்காங்க.”

அவர் மறுநாள் காலை தானே வண்டியில் கொண்டுபோய் ஆய்வுக்கூட வாசலில் இறக்கிவிட்டார்.

மேடத்தின் அறையில் முரளியும் இருந்தான். நல்லதாகப் போயிற்று, இரண்டு முறை சொல்ல எனக்குத் தெம்பு இருந்திருக்காது. நின்றபடியே சொன்னேன். நாட்டுக் கத்தரிக்கு ஊற்றியது அன்றைக்குக் கலக்கியது இல்லை, முந்தாநாளையது, வெளிச்சத்தில் இருந்தது என்றேன். மேடம் பேனாவைக் கீழே வைத்தார்.

“எதை வச்சு சொல்றீங்க?”

“நான்தான் ஊத்துனேன் மேடம்.”

முரளி என்னையே பார்த்தான். “அக்கா, வெள்ளிக்கிழமதானே கேட்டேன்…” என்று ஆரம்பித்து, நிறுத்திக்கொண்டான்.

மேடம் நோட்டைக் கொண்டுவரச் சொன்னார். அந்த இரண்டு கோடுகளை வெகுநேரம் பார்த்தார். பிறகு அவர் கேட்டது என்னிடம் இல்லை, முரளியிடம். “மூடி இல்லாத செயற்கை ஆர்.என்.ஏ.வை ஒரு குழாயில் சேர்த்து ஓட்டியிருந்தா கரைசல் உயிரோட இருக்கான்னு அன்னைக்கே தெரிஞ்சிருக்கும். ஏன் சேர்க்கலை?”

“முதல் சோதனையில சேர்த்தோம் மேடம். அது போதும்னு…”

“போதும்னு நானும்தான் விட்டேன். மூணு செடியையும் ஒரே நாள்ல, ஒரே பாட்டில்ல முடிக்கவும் நான்தான் விட்டேன். அதனால இது எஸ்தர் தப்பு மட்டும் இல்லை.” பேனாவை எடுத்தார். கோடுகளுக்குப் பக்கத்தில் நடந்ததை இரண்டு வரியில் எழுதி, தேதி போட்டு, என்னைக் கையெழுத்துப் போடச் சொன்னார். வேலையை விட்டுவிடுகிறேன் என்றேன். “நீங்க போயிட்டா அந்தப் பட்டை இறங்கிடுமா? உறைபெட்டியில இலை மிச்சம் இருக்கா, அதைப் பாருங்க” என்றார்.

இருந்தது. மூன்று செடிக்கும் கொஞ்சம் கொஞ்சம் இருந்தது. நான் கல்வத்தைக் கையில் எடுத்ததும் முரளி வந்து வாங்கிக்கொண்டான்.

“நீங்க எதையும் தொடாதீங்கக்கா.”

கடுமையாகச் சொல்லவில்லை. அதனால்தான் அதிகம் வலித்தது. மூன்று நாளும் அவனே அரைத்தான், அவனே எடை போட்டான், அவனே கலக்கினான். ஒவ்வொரு குழாயிலும் செயற்கை ஆர்.என்.ஏ. சேர்த்தான். எது எந்தச் செடி என்று தனக்கே தெரியாதபடி வேறொரு மாணவியை விட்டு எண் போட வைத்தான். நான் வெளியே தொட்டியடியில் உட்கார்ந்து, ஏற்கெனவே கழுவிய கண்ணாடிகளை மறுபடியும் கழுவிக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் நாள் மதியம் இருட்டறையிலிருந்து பிலிமோடு வந்தான். ஈரம் சொட்டச் சொட்ட, ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தான். நான் எழுந்து போய்ப் பின்னால் நின்றேன். பட்டைகள் இறங்கியிருந்தன. நாட்டு ரகத்திலும். மூன்று செடியிலும். சாதாரண ரகத்துக்கும் இதற்கும் வித்தியாசமே இல்லை.

முரளி பிலிமைக் கிளிப்பில் மாட்டிவிட்டுத் தரையிலேயே உட்கார்ந்தான். அவன் அழவில்லை. “செடி நல்லா இருக்குதேக்கா, ஆனா” என்றான். வலைக்கூடத்தில் அந்தச் செடிகள் உண்மையாகவே பச்சைப்பசேலென்று காய்த்துக்கொண்டிருந்தன. மேடமும் வந்து பார்த்துவிட்டு அதையேதான் சொன்னார்: “செடி தாங்குது, அது நிஜம். நாம சொன்ன காரணம்தான் இல்லை. காரணம் இன்னும் தெரியலை.”

அன்றே கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொள்வதாக இதழுக்கு எழுதினார்கள். ஜெர்மனிக்காரர்கள் காத்திருக்க முடியாது என்றார்கள். முரளி ஒரு மாதத்துக்கு மேல் என்னோடு தேவைக்கு மட்டும்தான் பேசினான். நியாயம்தான். நோட்டில் மேற்படிக் கோடு போடும் பழக்கத்தையே மேடம் நிறுத்தினார். ஒவ்வொரு கட்டத்திலும் முழுதாக எழுத வேண்டும். அதை எழுதும்போதெல்லாம் யாரும் என்னைப் பார்க்கவில்லை. பார்த்தது போலத்தான் இருந்தது.

ஒரு நாள் காலை அவன் எட்டு சிறு பாட்டில்களை என் மேஜையில் கொண்டுவந்து வைத்தான். “இந்தக் கரைசல் எவ்ளோ வெளிச்சத்துல, எவ்ளோ நேரத்துல சாவுதுன்னு பாக்கலாமாக்கா? யாரும் ஒழுங்கா எழுதி வெக்கல.” தாள் சுற்றியது நாலு, சுற்றாதது நாலு. ஜன்னலோரம், அலமாரி உள்ளே என்று வைத்து, மணிக்கணக்காக எடுத்துச் சோதித்தோம். இந்த முறை கரைசலை அளந்து எடுக்கும் பிப்பெட்டை என் கையில் கொடுத்தான். நான் ஓய்வு பெறும்வரை இரண்டு பேரும் அதைத்தான் செய்தோம். வெயில் நேராக விழும் ஜன்னலில் இரண்டு நாள் இருந்த கரைசல் தண்ணீருக்குச் சமம்.

நான் ஓய்வு பெற்று ஒன்றரை வருடம் கழித்து முரளிக்கு வாய்மொழித் தேர்வு. வரச் சொல்லிக் கூப்பிட்டிருந்தான். கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். அவன் அப்பா முன்வரிசையில், சலவைச் சட்டையில், கைகளை மடியில் வைத்தபடி அசையாமல் இருந்தார். நாட்டுக் கத்தரியில் நோய் எப்படிப் பரவுகிறது என்பதுதான் ஆய்வேட்டின் பெரும்பகுதி. ஆனால் வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் அந்தக் கரைசல் அத்தியாயத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு அதிலேயே நின்றார். இதை ஏன் செய்தீர்கள் என்று கேட்டார்.

முரளி ஒளிக்கவில்லை. இப்படி ஒரு தவறு எங்களுக்கே நடந்தது, கட்டுரையைத் திரும்பப் பெற்றோம் என்றான். “எங்க ஆய்வக உதவியாளர் எஸ்தர் அக்கா வந்து சொன்னாங்க. அவங்க சொல்லலன்னா இன்னைக்கு நான் ஒரு தப்பான முடிவுக்குப் பட்டம் வாங்கியிருப்பேன்” என்றான். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு எங்கே முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

பட்டம் உறுதி என்று அறிவித்தார்கள். எல்லோரும் சமோசாவும் காபியுமாக நின்றபோது அவனைத் தனியே கூப்பிட்டேன்.

“முரளி, ஒண்ண மட்டும் நீ அங்க சொல்லல.”

“இன்னாக்கா?”

“நீ மொதல்ல கேட்டப்ப நான் தலையாட்டுனேன். தெரிஞ்சேதான் ஆட்டுனேன். வந்து சொன்னது அதுக்கப்புறம்.”

அவன் காபியைக் குடிக்காமல் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“அது எனக்கு அப்பவே தெரியும்க்கா.”

“அப்பவேன்னா?”

“கேக்கும்போது உங்க மூஞ்சத்தானே பாத்துக்கினு இருந்தேன். ஏதோ சரியில்லன்னு தெரிஞ்சிது. இன்னொரு வாட்டி கேட்டா சொல்லிடுவீங்கன்னும் தெரிஞ்சிது. அதனாலதான் கேக்கல. மளமளன்னு டைப் அடிச்சி சேவ் பண்ணிட்டேன்.”

இரண்டு வருடமாக அந்தப் பொய் என்னுடையது மட்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். திங்கட்கிழமை மேடத்தின் அறையில் அவன் பேச ஆரம்பித்து நிறுத்திக்கொண்டது ஏன் என்று அப்போதுதான் விளங்கியது. என் மேல் அவனுக்கு வந்த கோபத்தில் பாதி அவன் மேலேயே இருந்திருக்கிறது.

“மேடத்துக்கு இது தெரியுமா?”

“சொல்லல.”

பட்டம் கையில் வந்துவிட்டது. இனிமேல் அதைச் சொல்வதால் அவனுக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. மேடத்துக்கு அவன் மேல் இருந்த மதிப்பு வேண்டுமானால் குறையலாம். அன்று அந்த மதிப்பைவிடப் பெரிதாக அவனிடம் எதுவும் இல்லை என்பது எனக்குத் தெரியும்.

“நான் போய்ச் சொல்றேன்கா” என்றான். கொஞ்சம் நடந்தவன் நின்று, “கூட வரீங்களா?” என்று கேட்டான்.

டம்ளரை மேஜையில் வைத்துவிட்டு அவனோடு போனேன். மேடம் தன் அறையில் தனியாக, ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் இரண்டு நாற்காலியை இழுத்துப் போட்டு, “உக்காருங்க” என்றார். முரளி உட்காராமல் நின்றபடியே ஆரம்பித்தான்.